நான்கு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள்

இன்ஜினியரிங் முதலாமாண்டில் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த கிளப்பில் சேர்ந்தால் ரெஸ்யூமேவுக்கு நல்லது? கேள்வியில் தப்பில்லை. வேலை வேண்டும், அதற்குத்தானே படிக்க வந்திருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியோடு உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் உறுப்பினராக மிஞ்சுகிறார்கள். ரெஸ்யூமேவில் ஒரு வரி சேரப் பெயரைப் பதிந்தாலே போதும், பதிந்த அன்றைக்கே அந்த வரி கிடைத்துவிட்டது, அப்புறம் எதற்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வரப்போகிறார்கள்?

நான் படித்த காலத்தில் இரண்டு விதமான குழுக்களிலும் இருந்திருக்கிறேன். பந்தயக் கார் கட்டும் அணியில் கை கறுக்க வேலை பார்த்தேன். ஒரு தொழில்முறைச் சங்கத்தின் மாணவர் கிளையில் பொருளாளராக ரசீது அடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வருடத் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் மேசை போட்டு, ஒரே மாதிரி பேனர் கட்டி, ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு ஆள் பிடிப்பார்கள். உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். சில குழுக்கள் பொருளைச் செய்கின்றன: கார், ராக்கெட், ரோபோ, கான்கிரீட்டில் படகு. சில குழுக்கள் ஒரு பெரிய சங்கத்தின் கிளைகள்: மின்துறைக்கு ஐ-ட்ரிபிள்-ஈ, இயந்திரவியலுக்கு ஏ.எஸ்.எம்.இ., கட்டுமானத்துக்கு ஏ.எஸ்.சி.இ., கணினிக்கு ஏ.சி.எம். இன்னும் சில, வகுப்பில் சுற்றிப் பார்த்து தன்னைப் போல இன்னொருவர் இல்லை என்று கண்டவர்கள் கூடித் தொடங்கியவை. டவ் பீட்டா பை போல மதிப்பெண் பார்த்து அவர்களே கூப்பிடும் கௌரவச் சங்கங்களும் உண்டு. அது 1885-லிருந்து இருக்கிறது, கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

இந்தக் குழுக்களிடமிருந்து கிடைப்பதாகச் சொல்லப்படும் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்தல், தொடர்புகள். பொய் இல்லை, ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் இருக்காது. வகுப்பில் எல்லாமே உங்களோடு தொடங்கி உங்களோடு முடிகிறது. கேள்வித்தாள் உங்களுக்காக அச்சடித்தது, லேபில் இருக்கும் சோதனை வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தது, புராஜெக்ட்டைக்கூட வெற்றுத்தாளில் தொடங்கி செமஸ்டர் கடைசியில் சமர்ப்பித்துவிட்டு மறந்துவிடலாம். வேலைக்குப் போன பிறகு வெற்றுத்தாள் யாருக்கும் கிடைப்பதில்லை. எப்போதோ யாரோ எழுதிய நிரல், போன வருடம் ராஜினாமா செய்தவர் போட்ட வரைபடம், ஏன் இப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு வால்வு, இதையெல்லாம்தான் கையில் கொடுப்பார்கள். பாதியில் கிடக்கும் வேலையை வாங்கி, கொஞ்ச தூரம் நகர்த்தி, பாதியிலேயே இன்னொருவரிடம் கொடுக்கிற பழக்கம் கல்லூரிக்குள் கிடைப்பது கிளப்பில் மட்டும்தான். ஏனென்றால் அங்கே நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்த ஆட்களும் மாறிவிடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர் எவரோ அவர்தான் முதலில் போவார். எந்தக் கம்பெனியாவது இப்படி ஒரு ஏற்பாட்டில் பிழைக்குமா?

ஆனாலும் பிழைத்திருக்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். இன்று கோட்டும் டையுமாகப் பெரியவர்கள் நடத்துகிற பொறியாளர்களின் தொழில்முறைச் சங்கம் என்ற ஏற்பாட்டையே தொடங்கி வைத்தவர்கள் சின்னப் பையன்கள்தான். 1818 ஜனவரி 2-ஆம் தேதி லண்டன் ஃப்ளீட் தெருவில் ஒரு காபி விடுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள் கூடினார்கள். ஹென்றி ராபின்சன் பால்மர் அவர்களில் முக்கியமானவர், வயது இருபதுகளின் தொடக்கம். அன்றைக்குக் கட்டுமானப் பொறியியல் சொல்லித்தர முறையான கல்லூரி அங்கே கிடையாது, ஒரு பெரிய பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்து பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆளாளுக்குக் கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்பதுதான் அவர்கள் போட்ட திட்டம். முதல் இரண்டு வருடம் பெரிதாக யாரும் சேரவில்லை. 1820-இல் சாலை, பாலம், கால்வாய் என்று பெயர் பெற்றிருந்த தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக இருக்கும்படி கேட்டார்கள், அறுபதைத் தாண்டிய அந்த மனிதரும் சரி என்றார். 1828-இல் அரசப் பட்டயம் வந்தது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ் இப்படித்தான் நிலைத்தது. இதில் நான் கவனிப்பது ஒன்று. பையன்கள் தொடங்கிவிட்டு, பிறகுதான் பெரியவரைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு நிறைய இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது: மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும், உடனே ஒரு கிளை உதயமாகும், பொறுப்பாசிரியர் ஒருவர் நியமனம் ஆவார், அப்புறம் மாணவர்களைத் தேடுவார்கள். அப்படித் தொடங்கிய கிளை, அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகிற வரைதான் உயிரோடு இருக்கும்.

மாணவர் குழுக்கள் உலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனவை என்று பார்த்தால் பட்டியல் கொஞ்சம் நீளம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் 1936-இல் ஃபிராங்க் மலினா என்ற ஆராய்ச்சி மாணவரும், அங்கே படிக்காத அவருடைய இரண்டு நண்பர்களும் வேறு சில மாணவர்களும் சேர்ந்து ராக்கெட் பரிசோதனையில் இறங்கினார்கள். ராக்கெட் என்று சொன்னாலே படித்தவர்கள் சிரித்த காலம் அது. பேராசிரியர் தியோடர் வான் கார்மான் மட்டும் இடம் கொடுத்தார். ஒருமுறை கட்டடத்துக்குள் செய்த சோதனையில் வாயு கசிந்து சுற்றியிருந்த கருவிகள் மேலெல்லாம் துரு படிந்துவிட, வெளியே போய்ச் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வளாகத்தில் அவர்களுக்கு 'தற்கொலைப் படை' என்றே பட்டப்பெயர். அந்தக் குழு வளர்ந்துதான் நாசாவின் இன்றைய ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி.

எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜெர்மனியின் அகாஃப்ளீக் குழுக்கள். பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானத்தை வடிவமைத்து, தாங்களே கட்டி, தாங்களே பறக்கிற குழுக்கள் இவை, 1920-களிலிருந்து இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் உழைத்தால்தான் பறக்கலாம் என்பது அங்கே விதி. ஸ்டுட்கார்ட் குழுவில் 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஒரு கிளைடர், எஃப்.எஸ்-24 ஃபீனிக்ஸ், 1957-இல்தான் முதன்முதலாகப் பறந்தது. கண்ணாடி இழையில் செய்த முதல் கிளைடர் அதுதான், அதன் பிறகு மரத்தில் கிளைடர் கட்டுவது மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. ஆரம்பித்த வருடத்தையும் பறந்த வருடத்தையும் கழித்துப் பாருங்கள். எந்தப் பட்டப்படிப்புக்குள்ளும் அடங்காத கணக்கு. செமஸ்டர் புராஜெக்ட்டாக யாராவது இதை முன்வைத்திருந்தால் முதல் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஃபார்முலா ஸ்டூடன்ட், ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்று உலகம் முழுக்க நடக்கும் போட்டிகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர்கள் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். 1981-இல் தொடங்கியது. மொத்தம் 1000 புள்ளிகள், அதில் 325 கார் நகராமலேயே கிடைக்கக்கூடியவை: வடிவமைப்பை நடுவர்கள் முன் நியாயப்படுத்த 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை விளக்க 75. மீதி 675 ஓட்டத்தில். அதிலும் 22 கிலோமீட்டர் தொடர் ஓட்டத்துக்கு மட்டும் 275. நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும், இன்ஜினை அணைத்துவிட்டு சூட்டோடு சூடாக மறுபடி கிளப்ப வேண்டும். எத்தனையோ கார்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிற அணியின் முகங்களை அப்போது பார்க்கக்கூடாது.

ஆனால் ஓடுவதற்கு முன்னால் தொழில்நுட்பப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தப் போட்டியிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது அதுதான். நடுவர் ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு காருக்கு அடியில் தலையை விடுவார். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், இந்த நான்கிலும் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் தானாகக் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும், லாக் நட்டைத் தாண்டி குறைந்தது இரண்டு முழு மரை வெளியே தெரிய வேண்டும். ஒன்றரை மரை தெரிந்தால்? போய் நீளமான போல்ட் போட்டுக்கொண்டு வா. அழுதாலும் கதையில்லை. அது முடிந்தால் காரைச் சாய்வு மேசையில் ஏற்றுவார்கள். 45 டிகிரியில் ஒரு சொட்டு எண்ணெயோ பெட்ரோலோ ஒழுகக்கூடாது, 60 டிகிரியில் கார் உருளக்கூடாது. உள்ளே அணியிலேயே உயரமான ஓட்டுநர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு நம்மையே பார்ப்பார். அப்புறம் சத்தச் சோதனை, அப்புறம் பிரேக் சோதனை: வேகமெடுத்து வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும், மூன்று பூட்டினால் தேறாது. பிரேக் சோதனையில் வரிசையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் அணிகளைப் பார்த்தால், பெடலில் போட்ட விசை எங்கே போகிறது என்று ஐந்தாவது செமஸ்டரில் எழுதிய சமன்பாடு முதன்முறையாகப் புரிய ஆரம்பிக்கும்.

இந்த விதியெல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் வருடா வருடம் வெளியாகும். அணியில் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் யார் என்று விசாரித்தால் ஒருவர் அல்லது இருவர்தான் தேறுவார்கள். அவர்கள் அநேகமாகக் கேப்டனாக இருக்கமாட்டார்கள். எங்கள் அணியில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பேச்சு அதிகம் கிடையாது. யாராவது உற்சாகமாகப் புது யோசனை சொல்லும்போது விதி எண்ணை மட்டும் சொல்லுவாள், அறை அமைதியாகிவிடும். அவளுக்குப் பின்னாளில் எந்த நேர்முகத் தேர்வும் கடினமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தர விதிகளைப் படித்துப் பொருள் சொல்கிற ஆளுக்கு எந்தத் துறையிலும் தட்டுப்பாடுதான்.

நான் சேர்ந்த புதிதில் என்னிடம் கொடுத்தது வயரிங். முந்தைய அணி விட்டுப்போன வயர்க் கட்டு. எல்லா வயரும் கறுப்பு, மேலே கறுப்பு டேப் சுற்றியது, வரைபடம் கிடையாது. ஒருவர் டாஷ்போர்டு பக்கம், இன்னொருவர் இன்ஜின் பக்கம் உட்கார்ந்துகொண்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஒரு கனெக்டருக்குப் பின்னால் இரண்டு வயருக்கு நடுவில் குட்டியாக ஒரு ரெசிஸ்டர் ஒட்டியிருந்தது, அதில் ஒரு துண்டு வெள்ளை டேப், டேப்பில் பேனாவால் 'இதைத் தொடாதே'. ஏன் என்று இல்லை. அப்போதுதான் வேலைக்குப் போயிருந்த சீனியரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அந்த ரெசிஸ்டர் எதுக்கு?"

"அதுவா? அது நான் சேரும்போதே இருந்துச்சு தம்பி. நாங்களும் கழட்டல."

அவருக்கு முந்தையவரின் எண் யாரிடமும் இல்லை. கழற்றிப் பார்த்தோம். டாஷ்போர்டில் இன்ஜின் வேகம் கண்டபடி குதித்தது, சில நேரம் நின்றே போனது. மாட்டினால் சரியாக இருந்தது. அளந்து பார்த்தால் 120 ஓம். அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டியதில் புரிந்தது: காரில் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற இரட்டை வயர்ப் பாதையின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்க வேண்டும், இல்லையென்றால் போன சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கெடுக்கும். ஒரு முனையின் ரெசிஸ்டர் இன்ஜின் கணினிக்குள்ளேயே இருந்தது, இன்னொரு முனைக்காக யாரோ ஒரு புண்ணியவான் கையால் பற்றவைத்திருக்கிறார். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ கோளாறு. இதைச் சொல்ல மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை எழுதாததால் எத்தனை வருடப் பிள்ளைகள் அந்த ரெசிஸ்டரைப் பார்த்து பயந்து விலகிப் போனார்களோ தெரியவில்லை.

கிளப் ஒன்றின் தரத்தைப் பரிசுக்கோப்பையை வைத்து நான் அளப்பதில்லை. போன வருட அணி எழுதிவைத்ததைக் காட்டு என்பேன். நிறைய இடங்களில் ஒரு கூகுள் டிரைவ் இருக்கும், உள்ளே 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்று கோப்புகள் இருக்கும், மொத்தக் கடவுச்சொல்லும் படிப்பு முடித்துப்போன ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும். நல்ல அணிகளில் என்ன செய்தோம் என்பதைவிட எதை ஏன் கைவிட்டோம் என்பது எழுதப்பட்டிருக்கும். இந்த அலுமினியத்தில் முயன்றோம், வெல்டிங்குக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது, அதனால் ஸ்டீலுக்குத் திரும்பினோம். இப்படி ஒரு பத்தி இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து ஒரு புத்திசாலி ஜூனியர் எடையைக் குறைக்கிறேன் என்று அதே அலுமினியத்தில் தொடங்குவார், அதே இடத்தில் விரிசல் விடும்.

கைமாற்றத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதும் வழக்கமான கூத்து. போட்டி முடியும், தேர்வு வரும், விடைபெறும் விழா வரும், ஒரு சாயங்காலம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதில் பழையவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும்போதே பொறுப்பை மாற்றிவிட வேண்டும். புதியவர்கள் ஓட்டட்டும், பழையவர்கள் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கட்டும். இறுதியாண்டுக்காரர்களுக்கு இது கசக்கும், பதவி போன பிறகு யார் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார் என்பார்கள். பதவி இல்லாமல் வருகிறவர் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளவும் அது ஒரு நல்ல வழி.

பதவி என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தலைவர், துணைத் தலைவர், இணைச் செயலாளர், கூடுதல் இணைச் செயலாளர், சமூக ஊடகத் தலைமை, வடிவமைப்புத் தலைமை என்று உறுப்பினர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகமாக இருக்கும் கிளைகளை நான் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க நடந்தது ஒரு பதவியேற்பு, ஒரு போஸ்டர், ஒரு சான்றிதழ் விநியோகம். ஆனால் அதே நிர்வாக வேலையை ஒழுங்காகச் செய்தால் அதுவும் பொறியியல்தான் என்பது என் கட்சி. கூட்டம் நடத்தும் விதிகளுக்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர் என்ற கையேட்டை 1876-இல் வெளியிட்ட ஹென்றி மார்ட்டின் ராபர்ட், அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர். ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டார்கள், அது ஒரே களேபரமாகிவிட்டது, அந்த அவமானத்தில்தான் விதிகளைத் தேட ஆரம்பித்தார் என்பார்கள். முன்மொழிவு ஒன்று மேசையில் இருக்கும்போது இன்னொன்றைப் பேசாதே என்பது எவ்வளவு நல்ல விதி என்பது, எங்கள் டி-ஷர்ட் நிற விவாதத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பொருளாளராக நான் கற்றது வேறு மாதிரி. ஸ்பான்சர் கொடுத்த பணம் கல்லூரிக் கணக்குக்குள் போய்விடும், உள்ளே போவது சுலபம், வெளியே எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்துக்காரர் எப்போதும் விடுப்பில் இருப்பார். அதற்குள் பேரிங் விற்பவர் விலையை மாற்றிவிடுவார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு வருடத் தொடக்கத்திலேயே எந்தப் பொருள் வந்துசேர எத்தனை வாரம், கையெழுத்துக்கு எத்தனை வாரம் என்று பின்னாலிருந்து எண்ணித் திட்டம் போட ஆரம்பித்தோம். வடிவமைப்பை எந்தத் தேதிக்குள் இனி மாற்றமில்லை என்று உறையவைக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது கணினி மாதிரிகள் அல்ல, அந்த மூன்றாவது கையெழுத்துதான்.

இனி சங்கக் கிளைகள். கார் அணிக்காரர்களுக்கு இவர்களைப் பார்த்தால் ஒரு இளக்காரம் உண்டு: என்ன செய்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், கலைகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சங்கங்கள் எதற்காக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும்வரை. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் என்ற ஊரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் பாய்லர் வெடிப்பது அபூர்வமான செய்தியே அல்ல. தகடு எத்தனை தடிமன், ரிவெட் எப்படி, பாதுகாப்பு வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்துகிற ஒரு விதி இல்லை. அதை எழுதியது ஏ.எஸ்.எம்.இ., 1880-இல் தொடங்கிய இயந்திரவியல் சங்கம். முதல் பாய்லர் விதித்தொகுப்பு 1914-ஆம் ஆண்டுப் பதிப்பு. இன்று பல நாடுகளில் அழுத்தக்கலன் வடிவமைக்கிறவர்கள் அதன் வழிவந்த தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். மாணவர் கிளையில் சேரும்போது இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, அடையாள அட்டையும் தள்ளுபடியும்தான் சொல்கிறார்கள்.

ஒரு கிளை உருப்படியாகச் செய்யக்கூடியது, என் அனுபவத்தில், துறையில் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்து மாணவர்களோடு உட்காரவைப்பது. மேடையில் அல்ல. மேடை போட்டால் அவர் தன் கம்பெனியின் வரலாற்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், முன்வரிசை காலியாகவும் பின்வரிசை வருகைப்பதிவுக்காகவும் இருக்கும். ஒருமுறை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரை எட்டுப் பத்துப் பேர் மட்டும் ஒரு சின்ன அறையில் சந்தித்தோம். உங்கள் வேலையில் போன வாரம் என்ன கெட்டுப்போனது என்று ஒருவன் கேட்டான். அவர் எழுந்து போய் போர்டில் ஒரு பம்ப்பை வரைந்து, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து தண்ணீரே குமிழ் விட்டு உலோகத்தைத் தின்ற கதையைச் சொன்னார், கேவிட்டேஷன் என்று பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது. நேரம் போனதே தெரியவில்லை.

யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் இந்தச் சங்கங்களோடு கூடவே பிறந்தது. நோரா ஸ்டான்டன் பிளாட்ச் 1905-இல் கார்னெலில் கட்டுமானப் பொறியியல் முடித்தவர், ஏ.எஸ்.சி.இ.யில் இளநிலை உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அடுத்த நிலைக்கு விண்ணப்பித்தபோது மறுத்தார்கள், 1916-இல் வழக்குப் போட்டுத் தோற்றார். அதே சங்கம் அவருக்கு உயர்நிலை உறுப்பினர் தகுதியை 2015-இல் வழங்கியது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. 1950-இல் பெண் பொறியாளர்கள் தங்களுக்கென்று சொசைட்டி ஆஃப் விமன் இன்ஜினியர்ஸைத் தொடங்கினார்கள், பீட்ரிஸ் ஹிக்ஸ் முதல் தலைவர். பர்டூ பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பொறியியலில் சேர்ந்து பெரும்பாலும் பாதியில் நின்றுகொண்டிருந்த காலத்தில், மாணவர்களே ஒருவரையொருவர் தூக்கிவிடத் தொடங்கிய குழு 1975-இல் நேஷனல் சொசைட்டி ஆஃப் பிளாக் இன்ஜினியர்ஸ் என்ற தேசிய அமைப்பானது. அதன் நிர்வாகம் இன்றும் மாணவர்கள் கையில்தான். எதற்குத் தனித்தனியாகச் சங்கம், எல்லோரும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்கள் தங்கள் அணியில் வெல்டிங் டார்ச் யார் கையில் இருக்கிறது, பவர்பாயிண்ட் யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். "டாக்குமென்டேஷன் நீ பாத்துக்கோம்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாகச் சொன்னதாலேயே மறுக்க முடியாமல், நான்கு வருடமும் லேத்தைத் தொடாமல் போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அணியில் இதற்கு ஒரு வழி செய்தோம்: முதல் வருடத்தில் யார் எந்த வேலையைக் கேட்டாலும் கொடுப்பதில்லை, எல்லோரும் எல்லா மேசையிலும் சில வாரம். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் நன்றாக வெல்டிங் செய்யக்கூடியவர் என்று யாருமே நினைக்காத ஒருவரின் கை, அணியிலேயே நிதானமான கையாக இருந்தது.

மதிப்பெண் குறையுமா என்று கேட்பார்கள். குறையலாம். போட்டிக்கு முந்தைய மாதம் வகுப்பில் தூங்காத கார் அணிக்காரரை நான் பார்த்ததில்லை. தூக்கமில்லாமல் லேத் முன்னால் நிற்பது வீரம் அல்ல, விரல் போகிற வழி. நள்ளிரவுக்குப் பின் இயந்திரம் ஓடக்கூடாது என்று பூட்டுப் போடுகிற அணியில் சேருங்கள். பாடத்தில் தவறிக்கொண்டே கிளப்பில் பிரகாசிக்கிறவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அணியை விட்டு விலகியே இருங்கள், அவர் போனதும் அது படுத்துவிடும்.

எல்லாவற்றிலும் சேராதீர்கள், ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. முதல் மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் போய் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யார் பேசுகிறார் என்பதை விடுங்கள், புதிதாக வந்த ஒருவர் கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பதில் சொல்கிறார்களா, அல்லது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்களா? ஒர்க்‌ஷாப் இருந்தால், கருவிகள் எடுத்த இடத்தில் திரும்ப வைக்கப்பட்டிருக்கின்றனவா? நிரலாக்கப் போட்டி பிடிக்கும் என்றால் ஐ.சி.பி.சி.க்குத் தயாராகும் குழுவைத் தேடுங்கள். மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். கீபோர்டு யாரிடம் எப்போது இருக்க வேண்டும் என்று சண்டை போடாமல் முடிவு செய்யக் கற்றுக்கொள்வதே பாதிப் பயிற்சி.

படிப்பு முடிந்ததும் பெரும்பாலானோர் சங்க உறுப்பினர் கட்டணத்தை நிறுத்திவிடுகிறார்கள். மாணவர் கட்டணம் போய் முழுக் கட்டணம் வந்துவிடும், அட்டையால் என்ன பயன் என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் கிளப்பில் அந்தப் பாதி வேலையை வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கும் பழக்கம் பிடித்துப்போனவர்களுக்கு, சங்கங்களின் தர நிர்ணயக் குழுக்கள் பழகிய இடமாக இருக்கும். நீங்கள் இதைப் படிக்கிற வைஃபை, ஐ-ட்ரிபிள்-ஈயின் 802.11 என்ற குழு எழுதியது. முதல் பதிப்பு 1997, அதன் மேலேயே திருத்தம் திருத்தமாக இன்றுவரை வளர்கிறது. தொடங்கியவர்களில் பலர் எப்போதோ போய்விட்டார்கள். அங்கே ஓட்டுரிமை கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்குத்தான், தொடர்ந்து வராவிட்டால் போய்விடும். நான் ஒரே ஒரு சங்கத்துக்கு இன்னும் கட்டணம் கட்டுகிறேன். என் வேலையோடு தொடர்புள்ள ஒரு தரநிலையின் வரைவுக்கு அவ்வப்போது கருத்து அனுப்புவேன். பாதி 'ஏற்கவில்லை' என்று திரும்பி வரும். பக்கத்திலேயே ஏன் என்று ஒரு பத்தி இருக்கும், காரணம் எழுதாமல் நிராகரிக்க அவர்களுடைய விதி விடுவதில்லை.